தூத்துக்குடி கடலோரக் குடியிருப்பு இளைஞர்களுக்கு நகர்ப்புறத் தோட்டம் அமைக்க இடமும் பயிற்சியும் கோரும் மனு

பெறுநர்: மாவட்ட ஆட்சித் தலைவர்; மாநகராட்சி ஆணையர்; தோட்டக்கலைத் துணை இயக்குநர், தூத்துக்குடி.

தூத்துக்குடியில் உப்பு விளையும் பருவமும் காய்கறி விளையும் பருவமும் ஒன்றுக்கொன்று எதிரானவை. இங்கு ஆண்டு மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. பாத்தியில் மழைநீர் ஏறியதும் உப்பள வேலை நின்றுவிடும். அந்த மாதங்களை ஈடுகட்டவே உப்பளத் தொழிலாளர்களுக்குத் தமிழக அரசு 5,000 ரூபாய் மழைக்கால நிவாரணம் வழங்குகிறது. கீரை, வெண்டை, கத்தரி, கொத்தவரைக்கு நல்ல தண்ணீர் கிடைப்பதும் அதே மாதங்களில்தான். மீனவர் பகுதிகளில் முடக்கம் வேறு காலத்தில் வருகிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். முத்துக்குளிப்பு என்ற வேலையும் இப்போது இல்லை; அது கடைசியாக நடந்தது 1961-இல். சங்கு குளித்தல், மீன்பிடிப்பு, துறைமுகச் சுமைப்பணி, உப்பளம் ஆகியவற்றை நம்பியே திரேஸ்புரம், லூர்தம்மாள்புரம், முத்தையாபுரம் போன்ற பகுதிகளின் இளைஞர்கள் பலர் இருக்கின்றனர். இவற்றில் ஆண்டு முழுவதும் உறுதியான கூலி தரும் வேலை அரிது.

தோட்டக்கலைத் துறையின் மாடித்தோட்டத் தொகுப்பு நல்ல திட்டமே. ஆறு செடி வளர்ப்புப் பைகள், தென்னைநார்க் கழிவுக் கட்டிகள், ஆறு வகைக் காய்கறி விதைகள், அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைக்கோடெர்மா விரிடி, வேப்பெண்ணெய் ஆகியவை அடங்கிய 900 ரூபாய்த் தொகுப்பு பாதி மானியத்தில் 450 ரூபாய்க்குத் தரப்பட்டது. ஆயினும் அது சொந்த மாடி உள்ளவருக்கான திட்டம். ஓட்டுக்கூரையும் தகரக்கூரையும் வேய்ந்த தெருக்களில் மாடிக்கு எங்கே போவது? ஆகவே தனி வீட்டுக்குத் தொகுப்பு என்ற முறையோடு, தெருவுக்குப் பொதுத் தோட்டம் என்ற முறையும் வேண்டும் என்பது இம்மனுவை அளிக்கும் சங்கத்தின் முதல் கோரிக்கை.

அதற்கான இடம் அரசிடமே உள்ளது. பெரிய மனைப்பிரிவுகளில் திறந்தவெளிக்கென ஒதுக்கப்படும் பத்து விழுக்காடு நிலத்தில் பூங்கா அமையாமல் கிடக்கும் பகுதிகள், மாநகராட்சிப் பள்ளி வளாகங்கள், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியக் குடியிருப்புகளின் மொட்டைமாடிகள் ஆகியவற்றில் தகுதியானவற்றைக் கணக்கெடுத்து, இளைஞர் குழுக்களுக்குக் குறைந்தது மூன்று ஆண்டுகளுக்கு எழுத்துப்பூர்வ அனுமதியுடன் வழங்க வேண்டும். வாய்மொழி அனுமதி அலுவலர் மாற்றலோடு போய்விடும். சோவியத் ஒன்றியம் 1991-இல் கலைந்தபின் உணவுத் தட்டுப்பாட்டில் சிக்கிய கியூபாவின் ஹவானா நகரில், தரிசு மனைகளில் மக்கும் உரம் நிரப்பிய உயர்பாத்திகள் பெருகியதற்கு, நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை அரசு வழங்கியதும் ஒரு காரணம்.

கடலோர மண்ணில் நேரடியாக விதைப்பது பெரும்பாலும் வீண். உவரும் உப்புக்காற்றும் நாற்றைக் கருக்கிவிடும். உயர்பாத்தி அல்லது பை, காற்று வரும் பக்கம் அகத்தி, முருங்கை வேலி, வெயிலுக்குப் பனையோலைத் தட்டி ஆகியவை இங்கு அடிப்படைத் தேவைகள். தென்னைநார்க் கட்டியிலும் உப்பு இருக்கக்கூடும். அதை ஊறவைத்து, பிழிந்து, நீரை வடித்து, நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசிய பின்பே பையில் நிரப்ப வேண்டும். குடத்தில் தண்ணீர் பிடிக்கும் தெருவில் இது சாதாரண வேலை அல்ல. தாமிரபரணிக் குடிநீரைத் தோட்டத்துக்குக் கேட்பது நியாயமும் ஆகாது. எனவே தோட்டம் அமையும் ஒவ்வொரு பொதுக் கட்டடத்திலும் கூரை மழைநீரைச் சேமிக்கும் தொட்டி கட்டித்தர வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் நகரின் தாழ்வான பகுதிகள் மூழ்கியதை நினைவிற்கொண்டு, இடத்தேர்வில் மாடிகளுக்கும் மேட்டுநிலங்களுக்கும் முன்னுரிமை தருவது நல்லது.

மண்ணைப் பற்றி ஓர் எச்சரிக்கை அவசியம். அனல்மின் நிலையமும் நிலக்கரி இறக்கும் துறைமுகமும், 2018 முதல் மூடப்பட்டுள்ள தாமிர உருக்காலையும் இருக்கும் நகரம் இது. வழக்கமான மண்வள அட்டை கார அமில நிலை, உவர்நிலை, சத்துகள் ஆகியவற்றைத்தான் சொல்லும். ஈயம், காட்மியம், ஆர்சனிக் பற்றிச் சொல்லாது. நிலத்தை ஒப்படைக்கும் முன் இந்த உலோகங்களுக்கான பரிசோதனையை மாநகராட்சி தன் செலவில் செய்து, முடிவை அந்தத் தெருவிலேயே ஒட்ட வேண்டும். நகரக் குப்பையிலிருந்து உரம் தயாரிக்கும் நுண்ணுரக் கூடங்களின் உரத்துக்கும் இதே விதி பொருந்தும்.

உரத்துக்கு இந்தக் கரையில் பஞ்சமில்லை. மீன் இறங்குதளத்தில் கழியும் குடலையும் செதிலையும் சம எடை வெல்லத்தோடு கலந்து, மூடி வைத்து, சில வாரம் நொதிக்க விட்டால் மீன் அமிலம் ஆகும். அதை நீரில் நன்கு கலந்து தெளிக்கலாம். தரங்குறைந்து விலைபோகாத கருப்பட்டியும் இதற்குப் போதும். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியும் வாகைக்குளம் வேளாண் அறிவியல் மையமும் உரத் தயாரிப்பு, தோட்ட அமைப்பு பற்றிய பயிற்சியைக் குடியிருப்புகளுக்கே வந்து நடத்த வேண்டும். கூலியை விட்டுவிட்டு அவ்வளவு தூரம் செல்ல இளைஞர்களால் இயலாது. பயிற்சி நாட்களுக்குத் தமிழ்நாடு நகர்ப்புற வேலைவாய்ப்புத் திட்டத்தில் ஊதியம் வழங்கும் வாய்ப்பை ஆராய வேண்டும்.

காய்கறி விற்று மட்டும் ஒரு குடும்பம் பிழைத்துவிடும் என்று மனுதாரர் சங்கம் வாதிடவில்லை. ஆறு பைகளில் விளைவது அடுப்படிக்கே சரியாகிவிடும். வருமானம் இருப்பது நாற்றங்காலில், மீன் அமில விற்பனையில், பள்ளித் தோட்டங்களை அமைத்துப் பராமரிப்பதில். எனவே மாநகராட்சிப் பள்ளித் தோட்டங்களின் பராமரிப்பை இளைஞர் குழுக்களுக்கு ஒப்பந்தமாகத் தருவதும், காலை உணவுத் திட்டச் சமையற்கூடங்கள் அவர்களது கீரையை வாங்குவதும் வேண்டும். உழவர் சந்தை அடையாள அட்டைக்கு நில ஆவணம் கேட்கப்படுகிறது. பொதுத் தோட்டக் குழுக்களுக்கு ஆணையரின் அனுமதிக் கடிதத்தையே ஆதாரமாக ஏற்கும் விலக்கும் தேவை.

வடகிழக்குப் பருவம் தொடங்கும் அக்டோபருக்கு முன் தொட்டி கட்டி, மண் சோதித்து, நாற்று விட வேண்டியிருப்பதால், மூன்று துறைகளின் கூட்டுக் கூட்டத்தை ஜூலை மாதத்துக்குள் கூட்டி, முதற்கட்டமாக மூன்று குடியிருப்புகளுக்கேனும் ஆணை பிறப்பிக்குமாறு மனுதாரர் சங்கம் கேட்டுக்கொள்கிறது.