கறுத்த திரையும் கலங்காத மனமும்

 

சாய்ந்தமருதிலிருந்து ஒரு தாய் கேட்கிறார்: "கட்டாரில் இருக்கும் வாப்பா அனுப்பிய பணத்தில் மகனுக்கு விளையாட்டுக் கணனி ஒன்று வாங்கினோம். கொழும்பில் பூட்டி, இரவு பஸ்ஸில் கொண்டு வந்தோம். விசிறி சுற்றுகிறது, கலர் லைட் எல்லாம் எரிகிறது, திரையில் மட்டும் எதுவும் வரவில்லை. கடைக்காரர் ஏமாற்றி விட்டார் என்கிறார் என் தம்பி. கண்ணூறு என்கிறார் மாமி. மகன் சோறு தின்னவும் மறுக்கிறான். என்ன செய்வது?"

கிதாபு ஓதிக் கொடுக்கும் மௌலவியிடம் கணனியைப் பற்றியா கேட்பது என்று சிலர் சிரிக்கலாம். ஆனால் இந்தக் கேள்விக்குள் ஒரு வாப்பாவின் வியர்வை இருக்கிறது. ஒரு வியாபாரியின் மானமும் இருக்கிறது. ஆகவே கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

வுழூச் செய்தது நிச்சயமாகத் தெரிகிறது. அது முறிந்ததா என்பதில் சந்தேகம். அப்போது என்ன செய்கிறோம்? வுழூ இருக்கிறது என்றே வைத்துக்கொள்கிறோம். உறுதியாகத் தெரிந்ததைச் சந்தேகம் நீக்கிவிடாது என்பது பிக்ஹுக் கலையின் பெரிய விதிகளில் ஒன்று. பழுது பார்ப்பவருக்கும் இந்த விதியே கைகொடுக்கும். நிச்சயமாகத் தெரிந்ததில் தொடங்கி, ஒவ்வொன்றாகச் சோதித்துப் போக வேண்டும்.

விசிறி சுற்றுகிறது என்றால் கரண்ட் உள்ளே போகிறது. இது நிச்சயம். அடுத்து மொனிட்டரைப் பாருங்கள். அதன் சிறிய விளக்கு எரிகிறதா? 'நோ சிக்னல்' என்று ஒரு கணம் எழுத்து வந்து மறைகிறதா? வந்தால் மொனிட்டருக்கு உயிர் இருக்கிறது, அதற்குப் படம்தான் வந்து சேரவில்லை. மொனிட்டரின் பொத்தானை அழுத்தி, வயர் எந்தத் துளையில் செருகப்பட்டுள்ளதோ அதே வழி தெரிவு செய்யப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வயரின் இரு முனைகளையும் கழற்றி இறுக்கிச் செருகுங்கள்.

அடுத்தது முக்கியமானது. கணனியின் பின்பக்கத்தில் மொனிட்டர் வயர் செருகும் துளைகள் இரண்டு இடங்களில் இருக்கலாம். மேலே இருப்பவை மதர்போர்டுக்கு உரியவை. கீழே குறுக்காக இருப்பவை கிரபிக்ஸ் கார்டுக்கு உரியவை. விளையாட்டுக் கணனியில் கீழே உள்ளதில்தான் செருக வேண்டும். இன்டெல் 12400எஃப் போல இலக்கத்தின் கடைசியில் 'எஃப்' என்று முடிபவற்றிலும், ஏஎம்டி நிறுவனத்தின் ரைசன் 5 5600இலும் படம் காட்டும் பகுதியே கிடையாது. மேலே செருகினால் ஆயிரம் முறை ஸ்விட்சைப் போட்டாலும் திரை கறுப்பாகவே இருக்கும். புதிதாக வாங்கியவர்கள் வீடுகளில் அடிக்கடி நடப்பது இதுதான். இதில் ஏமாற்றும் இல்லை, கண்ணூறும் இல்லை.

கண்ணூறு உண்மை என்று ஹதீஸில் வந்திருக்கிறது. மறுப்பதற்கில்லை. ஆனால் வயரைப் பார்க்காமல் கண்ணூறு மீது பழி போடுவது அறிவுடைமை ஆகாது. ஓதிப் பாருங்கள், வயரையும் பாருங்கள்.

இன்னொன்று பொறுமை. 2022இல் வந்த ஏஎம்5 வகை மதர்போர்டுகளும் டிடிஆர்5 என்னும் ரெம்மும் முதல் தடவை இயங்கும்போது தம்மைத் தாமே பரிசோதித்துக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் செல்லும். அவ்வளவு நேரமும் திரை கறுப்பாக இருக்கும். பதறிப்போய் அணைத்து அணைத்துப் போட்டால் வேலை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். போட்டுவிட்டுப் பத்து நிமிடம் விட்டு வையுங்கள்.

அப்படியும் வரவில்லையா? கண்ணாடிப் பக்கத்தால் உள்ளே பாருங்கள். பல மதர்போர்டுகளின் ஓரத்தில் சிபியு, டிராம், விஜிஏ, பூட் என்று எழுதிய சின்ன விளக்குகள் இருக்கும். எது அணையாமல் நிற்கிறதோ அங்கேதான் தடை. 'டிராம்' நின்றால் ரெம், 'விஜிஏ' நின்றால் கிரபிக்ஸ் கார்ட். பஸ் குலுக்கலில் இவை இடம் தளர்வது புதினமல்ல. கிரபிக்ஸ் கார்டுக்குத் தனியாக வரும் பவர் வயர் கழன்றிருக்கவும் கூடும். அந்த விளக்குகளைப் படம் பிடித்துக் கடைக்காரருக்கு அனுப்புங்கள்.

பெட்டியைத் திறக்குமுன் அவரிடம் கேளுங்கள். ஸ்டிக்கர் கிழிந்தால் வொரண்டி போய்விடும் என்று சில கடைகளில் நிபந்தனை உண்டு. அவர் சம்மதித்தால் பிளக்கைக் கழற்றி, பவர் பொத்தானைச் சில விநாடி அழுத்திப் பிடித்து, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, ரெம்மைக் கழற்றி இரு பக்கமும் 'டிக்' என்று கேட்கும்வரை அழுத்தச் சொல்லுங்கள். இதை உங்கள் மகனே செய்யலாம்.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். வாங்கும்போதே இருந்த, பெறுமதியைக் குறைக்கும் குறை பின்னர் தெரியவந்தால் பொருளைத் திருப்பிக் கொடுக்கும் உரிமை வாங்கியவருக்கு உண்டு. இதைக் கியாருல் ஐப் என்பார்கள். நமது ஷாபிஈ மத்ஹபில் இதற்கு நிபந்தனைகள் உண்டு. குறை தெரிந்ததும் தாமதியாமல் அறிவிக்க வேண்டும். தெரிந்த பின்னும் பாவித்துக்கொண்டிருக்கக் கூடாது. உங்கள் கையில் புதிதாக ஒரு சேதம் உண்டானால், விற்றவர் விரும்பாதபோது திருப்பிக் கொடுக்க முடியாது. பழைய குறைக்கான ஈட்டையே கேட்கலாம். கண்டபடி கழற்றாதீர்கள் என்று நான் சொல்வதன் காரணம் இதுதான். பொருளைக் கடைக்காரரே பஸ்ஸில் அனுப்பி, உங்கள் கைக்கு வருமுன் பழுதானால் பொறுப்பு அவருடையது. உங்கள் ஆள் கொழும்பில் பாரமெடுத்த பின் வழியில் பழுதானால் பொறுப்பு உங்களுடையது.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கையை விட்டபோது விரல்கள் நனைந்த சம்பவம் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என்றார்கள். 2022இல் டொலர் ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியபோது இத்தகைய பொருட்களின் விலை எப்படி உயர்ந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நெருக்கடியைச் சாட்டி, பாவித்த கிரபிக்ஸ் கார்டைப் புதியது என்று பூட்டிக் கொடுப்பவர் நனைந்த தானியத்தை அடியில் மறைப்பவரே. பாவித்தது என்று சொல்லி விற்றால் குற்றமில்லை.

முறையாக நடந்த உதாரணமும் உண்டு. 2018இல் ஏஎம்டி நிறுவனத்தின் புதிய ரைசன் 2000 வரிசையைப் பழைய பயோஸ் இருந்த மதர்போர்டுகளில் பூட்டியவர்களுக்கு இதே கறுத்த திரைதான் கிடைத்தது. பயோஸைப் புதுப்பிக்கக் கணனி இயங்க வேண்டும், கணனி இயங்கப் பயோஸைப் புதுப்பிக்க வேண்டும் என்ற சிக்கல். அந்த நிறுவனம் பழைய சிப் ஒன்றை இலவசமாக இரவல் கொடுத்துச் சிக்கலை அவிழ்த்தது. முஸ்லிமல்லாத ஒரு கம்பனி இப்படி நடந்துகொள்ளும்போது, நாணயம் பற்றி ஜும்ஆவில் கேட்டுவிட்டுக் கடைக்குப் போகும் நாம் எப்படி நடந்துகொள்ள வேண்டும்?

பேசித் தீராவிட்டால், 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபையிடம் முறையிடலாம். பில்லையும் வொரண்டிக் கடதாசியையும் பத்திரமாக வைத்திருங்கள். ஆனால் சோதித்துப் பார்க்குமுன் கடையின் பெயரை ஊரெல்லாம் பரப்புவது பெரும் பாவம். வயரை மாற்றிக் குத்தியதால் வந்த கறுப்பை ஒரு மனிதரின் முகத்தில் பூசிவிட்டால், பின்னர் திரை வெளிச்சமானாலும் அந்த முகம் வெளிச்சமாகாது.

தாய்மார்களே, திரை வந்ததும் இன்னொரு வேலை உங்களுக்கு இருக்கிறது. எந்த விளையாட்டு, எத்தனை மணி நேரம், பாங்கு சொன்னதும் எழுவது என்பவற்றை முதல் நாளிலேயே மகனோடு பேசி முடிவு செய்யுங்கள். கணனியை எல்லோரும் நடமாடும் ஹோலில் வையுங்கள். வாப்பா அங்கே வெயிலில் நின்று அனுப்பியது அமானிதம் என்று பிள்ளைக்கு விளங்கட்டும்.

அல்லாஹ் நமது வீடுகளில் பரக்கத்தையும் கொடுக்கல் வாங்கலில் நேர்மையையும் தந்தருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.