லிஃப்ட் செலவு யார் தலையில்?

ஊர்க் கொடைக்குத் தலைக்கட்டு வரி போடும்போது வீட்டுக்கு இவ்வளவு என்று சமமாக வாங்குகிறோம். வாய்க்கால் மராமத்து என்றால் அவரவர் நிலத்தின் அளவைப் பார்க்கிறோம். செலவுக்கேற்ப அளவுகோலும் மாறவேண்டும் என்பது நம்மவர்கள் அறிந்ததே. மும்பையில் சொசைட்டிக் கூட்டத்தில் உட்கார்ந்ததும் இது மறந்துபோகிறது!

மகாராஷ்டிர வீட்டுவசதிச் சங்கங்களுக்கான மாதிரித் துணைவிதிகள் இதை மறக்கவில்லை. தண்ணீர்க் கட்டணம் குழாய் இணைப்புகளின் எண்ணிக்கை, அளவுப்படி. பழுதுபார்ப்பு நிதி வீட்டின் கட்டுமானச் செலவுப்படி. லிஃப்டை ஓட்டிப் பராமரிக்கும் செலவோ, ஏறினாலும் ஏறாவிட்டாலும் அந்தக் கட்டடத்தார் அனைவருக்கும் சமம்.

செம்பூர், மாட்டுங்கா போன்ற இடங்களில் லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்துக்குப் புதிதாக ஒன்று வைக்கும்போதுதான் சண்டை. கீழ்வீட்டுக்காரர், "எனக்கெதற்கு?" என்பார். மூன்றாம் மாடிக்காரர், "எல்லோரும் சமம்தானே!" என்பார்.

பொருளாதார அறிஞர்கள் இதே கேள்வியை விமான ஓடுதளத்தை வைத்து ஆராய்ந்தார்கள். சிறிய விமானத்துக்குக் குறுகிய ஓடுதளம் போதும். பெரியதற்கு நீளமானது வேண்டும். ஒவ்வொரு பகுதியின் செலவையும் அந்தப் பகுதி தேவைப்படுவோர் மட்டும் சமமாகப் பகிர்வதே முறை. ஷாப்லி 1953-ல் வகுத்த பங்கீட்டு விதி இங்கே இந்த எளிய கணக்காகிறது என்று லிட்டில்சைல்டும் ஓவனும் 1973-ல் காட்டினர்.

மாடிக்கு ஒரு வீடாக மூன்று மாடி என்று கொள்வோம். முதல் மாடி வரை மட்டும் லிஃப்ட் வைக்க 6 லட்சம், இரண்டாவது வரை 9 லட்சம், மூன்றாவது வரை 12 லட்சம் ஆகிறது. முதல் 6 லட்சத்தை மூவரும், அடுத்த 3 லட்சத்தை மேலே உள்ள இருவரும், கடைசி 3 லட்சத்தை மூன்றாம் மாடிக்காரரும் ஏற்கவேண்டும். பங்கு முறையே 2, 3.5, 6.5 லட்சம். கீழ்வீட்டுக்கு ஒன்றுமில்லை. தனக்கு மட்டும் லிஃப்ட் வைத்திருந்தால் ஆகும் செலவைவிட யாரும் அதிகம் கொடுப்பதில்லை.

மேல்மாடியில் ஓய்வூதியத்தில் காலம் தள்ளும் மூதாட்டி இருந்தால்? கணக்குக்குக் கண்ணில்லை, நமக்கு உண்டு. தவணை கொடுக்கலாம், கூடிப் பேசி உதவலாம். ஆனால் அதை உதவியென்றே ஏட்டில் எழுதுவோம். பங்கீட்டுக்குள் ஒளித்தால் மனக்கசப்புதான் மிஞ்சும்.

தாராவிக் குடிசையை விட்டு அடுக்குமாடிக்குக் குடியேறும் நம் குடும்பங்களும் இனி இத்தகைய கூட்டங்களில் அமரவேண்டியவர்களே. யாருக்கு எவ்வளவு என்று கேட்குமுன், எந்தச் செலவு யாருக்காக என்று கேட்கப் பழகுவோம்.