இணைநோய் என்றொரு சமாதானம்

"அவருக்கு வேற ஏதும் இருந்துச்சா?"

2020 ஜூனில் எங்கள் தெருமுனைத் தையல்காரர் கொரோனாவில் இறந்த செய்தி வந்ததும் நான் கேட்ட முதல் கேள்வி இதுதான். எந்த ஆஸ்பத்திரி, பிள்ளைகள் முகம் பார்த்தார்களா என்பதெல்லாம் அப்புறம்தான் வாயில் வந்தது. "சுகர் இருந்துச்சாம்" என்றார்கள். அப்பாடா என்றிருந்தது. எனக்குச் சுகர் இல்லை.

அந்த 'அப்பாடா' இன்னும் ஊருக்குள் நடமாடிக்கொண்டிருக்கிறது. டீக்கடையிலும் கல்யாண வீட்டுப் பந்தியிலும் கேட்கிறேன்: "செத்ததெல்லாம் வயசானவங்களும் வியாதிக்காரங்களும்தானே, எப்படியும் போயிருப்பாங்க. அதுக்குப் போய் ஊரையே பூட்டிப்போட்டு இளவட்டத்தோட பொழப்பைக் கெடுத்துட்டாங்க." நம் ஊரில் மட்டும் பிறந்த பேச்சில்லை இது. அமெரிக்காவில் டெக்ஸஸ் மாநிலத் துணை ஆளுநர் டான் பேட்ரிக், பொருளாதாரத்துக்காகத் தாத்தா பாட்டிகள் ஆபத்தை ஏற்கத் தயார் என்ற பொருளில் 2020 மார்ச்சிலேயே தொலைக்காட்சியில் பேசினார். அவருக்கு அப்போது எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது. தன்னையும் சேர்த்துத்தான் சொன்னார். நம்மவர்கள் அடுத்த வீட்டுத் தாத்தாவை மட்டும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

'எப்படியும்' என்றால் எப்போது? 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வின் கணக்குப்படி, இந்தியாவில் நீரிழிவு உள்ளவர்கள் 10 கோடிக்கு மேல், உயர் ரத்த அழுத்தம் உள்ளவர்கள் 31 கோடிக்கு மேல். இத்தனை பேரும் சாவின் வரிசையிலா நிற்கிறார்கள்? மாத்திரையைப் போட்டுக்கொண்டு பஸ் ஓட்டுகிறார்கள், பாடம் நடத்துகிறார்கள், பேத்தி கல்யாணத்துக்குச் சீட்டுக் கட்டுகிறார்கள். அறுபது வயதுச் சர்க்கரைக்காரர் ஒழுங்காக மருந்து கிடைத்தால் இன்னும் பதினைந்து, இருபது வருடம் இருந்துவிட்டுப் போவார். நம் வீடுகளிலேயே பார்த்திருக்கிறோம்.

தையல்காரருக்கு வயது அறுபத்தொன்று. ஏப்ரல், மே மாதப் பள்ளிச் சீருடைதான் அவருக்கு வருடத்துக் கடை வாடகை. அந்த வருடம் பள்ளியும் இல்லை, சீருடையும் இல்லை. மருந்துக்கடையில் எப்போதும் பாதி அட்டை வாங்குகிறவர், அந்தக் கோடையில் நாலு மாத்திரையாகக் கத்தரித்து வாங்கினார். தினமும் துணி வெட்டுகிற மனிதர், மாத்திரை அட்டையில் எங்கே வெட்டுவது என்று விரல் வைத்துக் காட்டியதைப் பின்னால் நின்று பார்த்தேன். காலை ஒன்று, ராத்திரி ஒன்று என்பது காலையில் மட்டும் என்றானது. சுகரால் போனார் என்கிறோம். அந்தச் சுகரை ஏற்றிவிட்டது எது?

சுகாதாரத் துறையின் தினசரி அறிக்கையில் இறந்தவர்களை இணைநோய் உள்ளவர், இல்லாதவர் என்று பிரித்துப் போட்டார்கள். மருத்துவருக்கு அந்த விவரம் தேவை, மறுக்கவில்லை. ஆனால் டிவி முன்னால் உட்கார்ந்திருந்த நாம் இரண்டாவது எண்ணுக்கு மட்டும்தானே பயந்தோம்? கணக்கிலும் ஓட்டை இருந்தது. விடுபட்ட 444 மரணங்களை 2020 ஜூலை 22 அன்று தமிழக அரசே மொத்தமாகச் சேர்த்தது. அடுத்த மார்ச்சில் தடுப்பூசி பொதுமக்களுக்கு வந்தபோது, அறுபது தாண்டியவர்களோடு இணைநோய் உள்ள, 45 வயது தாண்டியவர்களுக்கும் முதலிடம். உயிரோடு இருந்தால் வரிசையில் முன்னால் நிறுத்துகிற நோய், செத்தால் துக்கத்தில் கழிவு போடுகிறது.

நம் மரபிலேயே சாவில் வயது பார்ப்பது உண்டே என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்டு. தொண்ணூறு கண்ட பாட்டி போனால் கல்யாணச் சாவு. பறை, வெடி, பேரப்பிள்ளைகள் கையில் நெய்ப்பந்தம். ஊரே வேலையை விட்டுவிட்டு வந்து நின்று அவள் வாழ்ந்து முடித்ததைக் கொண்டாடும். பாலித்தீனில் சுற்றிய உடலை நாலு பேர் கவச உடையோடு இறக்கிவிட்டுப் போனதற்கும், "வயசாயிடுச்சில்ல" என்று நாம் போனை வைத்ததற்கும் அந்தப் பெயரைச் சூட்டாதீர்கள்.

சரி, வயதுதான் அளவுகோல் என்றே வைத்துக்கொள்வோம். அப்படியானால் இளையவர்கள் செத்தபோது நாடு துடித்திருக்க வேண்டும். 2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு ஊரடங்கை அறிவித்து நள்ளிரவில் பூட்டினார்கள். நாலு மணி நேர அவகாசம். மகாராஷ்டிரத்திலிருந்து நாமக்கல்லுக்கு நடையாகப் புறப்பட்ட 23 வயது இளைஞர் செகந்திராபாத் தங்குமிடத்தில் சுருண்டு விழுந்து இறந்தார். தெலங்கானா மிளகாய்க் காட்டிலிருந்து சத்தீஸ்கருக்கு நடந்த 12 வயதுச் சிறுமி, வீடு நெருங்கும்போது இறந்தாள். பரிசோதித்ததில் கொரோனா இல்லை. மே 8 அதிகாலை, அவுரங்காபாத் அருகே தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் மேல் சரக்கு ரயில் ஏறியது. இவர்களில் யாருக்கு என்ன இணைநோய்?

அதற்கும் பதில் தயாராக இருந்தது. யார் நடக்கச் சொன்னது? தண்டவாளத்தில் படுத்தால் யார் தடுக்க முடியும் என்ற பொருளில் உச்ச நீதிமன்றமே கேட்டது. ஊர் திரும்பும் வழியில் இறந்தவர்களின் கணக்கு தங்களிடம் இல்லை, எனவே இழப்பீடு என்ற கேள்வியே எழவில்லை என்று தொழிலாளர் அமைச்சகம் அந்த செப்டம்பரில் நாடாளுமன்றத்தில் சொன்னது. கிழவர் செத்தால் குற்றம் அவர் ரத்தத்தில். வாலிபன் செத்தால் குற்றம் அவன் காலில். பூட்டியது சரியா தவறா என்ற வழக்கைத் தனியாக நடத்தலாம். முதியவர் உயிரை ஒரு தட்டிலும் இளைஞர் பிழைப்பை மறு தட்டிலும் வைத்து நிறுத்தார்கள் என்பது மட்டும் பொய். தராசுக்குப் பக்கத்திலேயே இவர்கள் இருவரையும் யாரும் விடவில்லை.

2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு, கொரோனாவில் இறந்தவர் குடும்பத்துக்கு 50,000 ரூபாய் என்று முடிவானது. தையல்காரரின் மகள் காகிதக் கட்டோடு வந்தாள். சான்றிதழில் மரணக் காரணம் மாரடைப்பு. மனு எழுதிக்கொடுத்து, அலுவலகத்துக்கும் கூடப் போனேன். மேசைக்குப் பின்னாலிருந்தவர் கெட்டவரில்லை. உட்காரச் சொன்னார், காகிதங்களைப் பொறுமையாகப் புரட்டினார். பிறகு நிமிர்ந்து, "அப்பாவுக்கு வேற ஏதும் இருந்துச்சாம்மா?" என்று கேட்டார்.

"இருந்துச்சு சார்" என்றாள். "மூணு மாச வாடகை பாக்கி இருந்துச்சு."