விரல்ரேகை பொருந்தவில்லை: மேல்முறையீடு இல்லாத ஒரு தீர்ப்பு

நியாயவிலைக் கடையில் விரலை வைத்ததும் முதலில் சோதிக்கப்படுவது மனிதர் அல்ல, கருவி. ஒவ்வொரு விரல்ரேகைக் கருவிக்கும் தனி அடையாளமும் மின்னணுத் திறவுகோலும் உண்டு. இத்தகைய பதிவுசெய்யப்பட்ட கருவிகளை ஆதார் ஆணையம் 2017இல் கட்டாயமாக்கத் தொடங்கியது. கருவி தான் எடுத்த ரேகையை மறையாக்கம் செய்து, கையொப்பமிட்டு அனுப்புகிறது. ஒருமுறை எடுத்த ரேகையைச் சேமித்து வைத்து மீண்டும் மீண்டும் அனுப்பும் மோசடியைத் தடுப்பதற்கான ஏற்பாடு அது; தேவையானதுதான். அதன்பின் மைய சர்வர், குறிப்பிட்ட ஆதார் எண்ணில் பதிவாகியுள்ள ரேகையோடு ஒப்பிட்டு 'ஆம்' அல்லது 'இல்லை' என்கிறது.

இந்த 'இல்லை'யைத்தான் நாம் கூர்ந்து பார்க்க வேண்டும். கடவுச்சொல் ஓர் எழுத்து பிசகினாலும் பொருந்தாது. பிசகாவிட்டால் எப்போதும் பொருந்தும். விரல்ரேகை அப்படியன்று. எந்த அளவுக்கு ஒத்திருந்தால் போதும் என்று ஒரு வரம்பு வகுத்து, நிகழ்தகவின்படி எடுக்கப்படும் முடிவு அது. கருவி பழுதானால் மாற்றலாம். சிமெண்டும் சுண்ணாம்பும் அரித்த விரலை மாற்ற முடியாது. செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் தோல் பதனிடும் தொழிலிலும் கழிவகற்றும் பணியிலும் யாருடைய கைகள் தேய்கின்றன என்பதை இத்தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. சாதி ஒதுக்கிக் கொடுத்த வேலை ரேகையை அழிக்கிறது. அழிந்த ரேகையைக் காட்டி அரிசி மறுக்கப்படுகிறது. சாதியின் பெயரே அறியாத சர்வர்தான் இதைச் செய்கிறது.

ஒன்றிய அரசின் 2016-17 பொருளாதார ஆய்வறிக்கையே, அங்கீகாரத் தோல்வி ஜார்க்கண்டில் 49 விழுக்காடு, ராஜஸ்தானில் 37 விழுக்காடு என்ற மதிப்பீடுகளை எடுத்துக் காட்டியது. ஆயினும் 2018 செப்டம்பர் 26 அன்று வந்த ஆதார் வழக்கின் பெரும்பான்மைத் தீர்ப்பு, 99.76 விழுக்காடு துல்லியம் என்ற கணக்கில் நிறைவு கொண்டது. விடுபடுவோருக்கு மாற்று அடையாள வழி தர வேண்டும் என்று அது சொன்னதையும் மறைக்க வேண்டியதில்லை. மாறுபட்ட தீர்ப்பெழுதிய நீதிபதி சந்திரசூட், மனித மாண்பை நிகழ்தகவிடம் ஒப்படைக்க இயலாது என்ற நிலையை எடுத்தார். என் பார்வையில் சட்டப்படியும் அதுவே சரி. ஒருவரின் உரிமையை மறுக்குமுன் அவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்பது இயற்கை நீதியின் பாலபாடம். இயந்திரம் யாரையும் கேட்பதில்லை.

ஆதார் சட்டத்தின் 7ஆம் பிரிவு, எண் இன்னும் வழங்கப்படாதவருக்கு மாற்று வழி சொல்கிறது. எண் இருந்தும் ரேகை பொருந்தாதவரைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் இல்லை. அந்த இடைவெளியை நிரப்புவது சுற்றறிக்கைகள்தாம். 2017 செப்டம்பரில் ஜார்க்கண்டின் சிம்தேகா மாவட்டத்தில் 11 வயதுச் சிறுமி இறந்தாள். ஆதார் இணைக்கப்படாததால் ரேஷன் அட்டை நீக்கப்பட்ட குடும்பம் அவளுடையது. பட்டினியால் இறந்தாள் என்றார் தாய். மலேரியா என்றது மாநில அரசு. அடுத்த மாதமே, ரேகை பொருந்தாவிட்டாலும் இணைய இணைப்பு கிடைக்காவிட்டாலும் பொருளை மறுக்கக் கூடாது, விதிவிலக்குப் பதிவேட்டில் எழுதிக்கொண்டு வழங்க வேண்டும் என்று ஒன்றிய அரசு அறிவுறுத்தியது.

களத்தில் இருப்போர் பிடித்துக்கொள்ள வேண்டியது அந்தப் பதிவேட்டை. ரேகை பொருந்தாதபோது சர்வர் 300 என்ற பிழைக் குறியீட்டைத் தருகிறது. 'சர்வர் வேலை செய்யவில்லை, நாளை வா' என்ற வாய்மொழிக்குப் பதிலாக, வந்த குறியீட்டையும் நேரத்தையும் எழுதித் தரக் கேளுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டம், 2013இன் 15ஆம் பிரிவின்படி மாவட்டக் குறைதீர் அலுவலரிடம் எழுத்துமூலம் புகார் தரலாம். உரிய தானியம் வழங்கப்படாவிட்டால் 8ஆம் பிரிவு உதவித்தொகைக்கு வழி செய்கிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கடைவாரியாகப் பதிவேட்டின் நகலும் கேட்கலாம். பதிவேடு வெறுமையாக இருந்தால், யாரையும் திருப்பி அனுப்பவில்லையா, அனுப்பியதை எழுதவில்லையா என்பதைச் சேரியில் நான்கு வீடுகளில் விசாரித்து, அவர்களின் வாக்குமூலத்தையும் புகாரோடு இணையுங்கள்.