லென்ஸோடு போனேன்!

தங்கச்சி கல்யாணத்துக்காக அம்மாவின் ஏழு கல் தோட்டை விற்கப் போனபோதுதான் வைரம் பற்றி எனக்கு ஞானம் பிறந்தது. பின்பக்கம் தங்கத்தால் மூடியிருந்த தோட்டிலிருந்து கற்களைக் கழற்றினார் கடைக்காரர். மூன்று கல்லுக்கு மஞ்சள் காமாலை! அம்மா வாயே திறக்கவில்லை. முப்பது வருஷம் காதில் கிடந்த தோடு சார் அது.

ஆகவே, போன மாதம் என் வீட்டுக்காரிக்கு ஒற்றைக்கல் தோடு வாங்க, பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸ் சகிதம் போனேன். பின்பக்கம் திறந்த தோடுதான் வேணும் என்றேன்.

வைரத்தில் கேரட் என்பது எடை. 0.2 கிராம். அதில் நூறில் ஒரு பங்கு, சென்ட். கல் ஒன்று 50 சென்ட் என்றால் விலை எகிறும், 45 போதும். காதருகே யார் ஸ்கேல் வைக்கப் போகிறார்கள்? நிறம் 'டி'யில் தொடங்கி 'இசட்' வரை மஞ்சளேறும். தங்கத்தில் பதிக்க 'எச்' தாராளம். பட்டை தீட்டியதில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. ஜொலிப்பே அதில்தான்.

"லேப்ல வளர்த்ததா, மண்ணுல எடுத்ததா?" என்றேன். இரண்டும் அசல் வைரம்தான், லென்ஸுக்கே வித்தியாசம் தெரியாது. விலைதான் மலைக்கும் மடுவுக்கும். சேல்ஸ்மேன் ஜிஐஏ சர்ட்டிபிகேட்டை நீட்டினார். அந்த நம்பரைக் கல்லின் இடுப்பில் லேசரால் பொறித்திருந்தார்கள். தேடிக் கண்டுபிடிக்கக் கால் மணி நேரம்!

"திருப்பிக் கொடுத்தா எவ்வளவுக்கு எடுப்பீங்க? பில்லுல எழுதிடுங்க."

மேனேஜர் வந்தார். காபி வந்தது. கடைசியில் எழுதினார்கள்.

வீட்டில் அம்மா, தோட்டை விட்டுவிட்டு லென்ஸைத்தான் கையில் எடுத்தாள்.

"இது என்ன விலைடா?"

"சில நூறு ரூபாதாம்மா."