சித்திரமும் பொது வாழ்வும்

சித்திரம் என்பது செல்வர் மாளிகைக்குரிய ஓர் ஆடம்பரம் என்றும், தேச காரியங்களில் ஈடுபட்டவர் அதற்குப் பொழுது ஒதுக்குவது வீண் என்றும் நம்மவரிற் பலர் எண்ணியிருக்கின்றனர். சங்கீதக் கச்சேரிக்குச் சென்றால் குணதோஷங்களை விஸ்தாரமாய் எடுத்துரைக்க வல்லவர்களுங்கூட, ஒரு சித்திரத்தின் முன் நிறுத்தப்பட்டால், ‘நன்றாயிருக்கிறது’ என்ற ஒரு வார்த்தைக்குமேல் சொல்லத் தெரியாது நகர்ந்துவிடுகின்றனர். இவ்வெண்ணம் தவறானதென்பதும், இதனால் நமது பொது வாழ்வுக்கே நஷ்டம் விளைந்து வருகிறதென்பதும் நமது அபிப்பிராயம்.

சித்திரம் நமக்குப் புதிதன்று. தமிழ்நாட்டில் எண்ணிறந்த வீடுகளின் வாயிலில் விடியற்காலையில் அது பிறக்கிறது. தண்ணீர் தெளித்த தரையில் புள்ளி வைத்து, அப்புள்ளிகளைச் சுற்றிக் கை எடுக்காமல் இழை வளைத்துத் தொடங்கிய இடத்திலேயே முடிக்கும் சிக்குக் கோலத்திலுள்ள நுட்பத்தை, சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிப்ட் சிரோமணியும் அவருடன் உழைத்தவர்களும் கணித சாஸ்திர முறைப்படி ஆராய்ந்து 1974-இல் வெளியிட்டனர். அறிஞர் வியந்த அக்கோலத்தைப் பத்திரிகை படிக்கும் ஆண்மக்களாகிய நாம் தினந்தோறும் மிதித்துக்கொண்டு வெளியே போகிறோம். பெண்டிர் வேலை என்று அதைத் தள்ளிவைத்தோம். தள்ளிவைத்ததனால் அழகை நோக்கும் கண்ணையே இழந்தோம்.

பொதுக் காரியத்துக்கும் சித்திரத்துக்கும் என்ன சம்பந்தம் என்று வினவுவோருக்கு ஹரிபுராவை நினைவூட்ட விரும்புகிறோம். 1938 பிப்ரவரியில் குஜராத்திலுள்ள அக்கிராமத்தில் சுபாஷ் சந்திர போஸின் தலைமையில் காங்கிரஸ் மகாசபை கூடியது. பந்தலையும் வாயில்களையும் அலங்கரிக்கும் பொறுப்பை, காந்தியடிகளின் வேண்டுகோளின்பேரில், சாந்திநிகேதனத்துச் சித்திர ஆசிரியர் நந்தலால் போஸ் ஏற்றார். அவர் எழுதியவை தலைவர்களின் உருவங்கள் அல்ல. தச்சன், சக்கிலியன், மேளம் கொட்டுவோன், குழந்தைக்குப் பாலூட்டும் தாய், காளையோடு நிற்கும் குடியானவன் ஆகிய இவர்களையே கையால் செய்த காகிதத்தில், மண் வர்ணங்களைக் கொண்டு, தடித்த கோடுகளால் தீட்டினார். அவரும் அவருடைய மாணாக்கர்களும் இவ்வாறு நூற்றுக்கணக்கான படங்களைச் செய்து முடித்தனர். அச்சபைக்கு வந்த கிராமவாசி வாயிலில் தன் உருவத்தையே கண்டான். இச்சபை யாருக்காகக் கூடியது என்பதை அவனுக்கு உணர்த்தப் பிரசங்கம் வேண்டியிருக்கவில்லை. பின்னர் நமது அரசியல் சாசனத்தின் மூலப் பிரதியைச் சித்திரங்களால் அழகுபடுத்தியவரும் அதே நந்தலால்தான்.

இனி, இன்றைய நிலையைப் பார்ப்போம். எக்கட்சியின் கூட்டமாயினும், எவர் வீட்டுக் கலியாணமாயினும், தெருவெங்கும் பிளாஸ்டிக் பதாகைகள் எழுகின்றன. அவற்றில் இருப்பவை முகங்கள்; முகங்களுக்குக் கீழே இன்னும் சிறிய முகங்கள். உழைப்பாளியின் உருவத்துக்கு அங்கே இடமில்லை. 2019 செப்டம்பரில் சென்னைப் பள்ளிக்கரணையில், ஒரு கட்சிப் பிரமுகர் வீட்டு மணவிழாவுக்காக அனுமதியின்றி நிறுத்தப்பட்ட பதாகையொன்று, இருசக்கர வாகனத்தில் சென்ற இளம் பெண்ணின்மேல் விழுந்தது. நிலை குலைந்த அவர் பின்னால் வந்த லாரியில் அகப்பட்டு உயிர் நீத்தார். இது ஒருபுறமிருக்க, சுவர்களிலும் பலகைகளிலும் எழுத்தும் படமும் தீட்டிப் பிழைத்துவந்த சித்திரக்காரர் பலர் இவ்வியந்திரப் பதாகைகளால் தொழிலிழந்து வேறு வேலைக்குப் போய்விட்டனர்.

‘இயந்திரப் பதாகை மலிவு, ஒரு நாளில் ஆயிரம் கிடைக்கும், கைச் சித்திரத்துக்கு அவகாசம் ஏது?’ என்று ஆட்சேபிக்கலாம். மலிவு என்பதையும் விரைவு என்பதையும் நாம் மறுக்கவில்லை. ஆயின், ஆயிரம் பதாகை எதற்கு? ஒருமுறை ஓடும் கண்ணுக்கு மறுகணமே மறந்துபோகும் ஆயிரத்தைவிட, நின்று நோக்கச் செய்யும் பத்து மேலன்றோ? கூட்டம் முடிந்த மறுநாள் அந்தப் பிளாஸ்டிக் குப்பையாகிறது. சில நாள் தேவைக்கென்று செய்யப்பட்ட ஹரிபுராச் சித்திரங்களோ இன்றும் போற்றிக் காக்கப்படுகின்றன.

ஆகவே, அரசியல் ஊழியர்களுக்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் இது. உங்கள் ஊரில் அடுத்து நடக்கும் கூட்டத்துக்கு ஒரே ஒரு சுவரையேனும், உடையவரின் சம்மதம் பெற்று, உள்ளூர்ச் சித்திரக்காரரிடம் ஒப்புவியுங்கள். தலைவரை எழுதச் சொல்லாமல், அவ்வூர் மக்களின் தொழிலை எழுதச் சொல்லுங்கள். நியாயமான கூலியைக் கொடுங்கள். கூடமாட நின்று நீங்களும் தூரிகை பிடியுங்கள். கோடு கோணலானால் பாதகமில்லை. தான் ஒரு கோடு இழுத்துப் பார்த்தவனுக்கே பிறர் இழுத்த கோட்டின் அருமை விளங்கும்.

பள்ளிக்கூடங்களிலும் சீர்திருத்தம் வேண்டும். பரீட்சை நெருங்கியதும் சித்திர வகுப்பின் மணியைக் கணக்குக்குக் கொடுத்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருந்து வருகிறது. 1850-இல் சென்னையில் சித்திரப் பள்ளி தொடங்கப்பட்ட நாட்டில், புதுக்கோட்டைச் சீமையின் சித்தன்னவாசல் குகையில் ஒன்பதாம் நூற்றாண்டில் தாமரைத் தடாகம் தீட்டிய நாட்டில், பிள்ளைகளுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம் வர்ணம் தொட உரிமையில்லை என்பது வெட்கத்துக்குரியது. பெற்றோர் இதைக் கேட்க வேண்டும். கேட்பதோடு, விடுமுறை நாளில் பிள்ளைகளைச் சித்தன்னவாசலுக்கும் அருகிலுள்ள சித்திரசாலைகளுக்கும் அழைத்துச் செல்லவும் வேண்டும்.

தெருவை அசிங்கப்படுத்திக்கொண்டு தேசத்தை உயர்த்துவதாகச் சொல்லுவது பொருந்தாது. காணும் பொருளில் அழகை நாடாத ஜனங்கள், ஆட்சியிலும் ஒழுங்கை நாடமாட்டார்கள். நாளைக் காலையில் வாயிலைக் கடக்கும்போது நேயர்கள் ஒரு கணம் நின்று கோலத்தைப் பார்ப்பார்களாக. இயலுமாயின், மாவை வாங்கித் தாமும் ஒரு புள்ளி வைப்பார்களாக.