முகாம் பாரத்தில் கையெழுத்து போடுவதற்கு முன்...

பெற்றோர்களே,

போன வாரம் ஜெலுத்தோங் அடுக்குமாடியில் இருந்து ஓர் அம்மா என் அலுவலகத்துக்கு வந்தார். தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்துவிட்டு, யூனிஃபார்ம்கூட மாற்றாமல் நேரே வந்தவர். கையில் நான்காக மடித்த ஒரு தாள். பள்ளியில் கொடுத்த முகாம் பாரம். மகள் இரண்டாம் படிவம் படிக்கிறாள், வயது 14. மலையடிவாரத்தில் இரண்டு இரவு. மலையேற்றம், கயிற்றுப் பாலம், ஆற்றைக் கடத்தல்.

"லோயர் சார், இதுல சைன் பண்ணட்டுமா வேணாமா? ஒரே வார்த்தையில சொல்லுங்க" என்றார்.

ஒரே வார்த்தையில் சொல்ல எனக்கு முடியவில்லை. அதனால்தான் உங்கள் எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

அந்த அம்மா எதை நினைத்துப் பயந்தார் என்று நான் கேட்கவில்லை. கேட்கத் தேவையும் இல்லை. கோலா டிப்பாங்! இந்தப் பெயரை மறந்த தமிழ்க் குடும்பம் இந்த நாட்டில் இருக்கிறதா?

2009 அக்டோபர் 26, திங்கட்கிழமை இரவு. பேராக், கம்பார் அருகே கோலா டிப்பாங்கில் '1மலேசியா' என்ற பெயரில் பள்ளி மாணவர்களுக்கு ஒரு முகாம். ஆற்றின் மேல் புதிதாகக் கட்டிய தொங்கு பாலம். பிள்ளைகள் அதன் மேல் போய்க்கொண்டிருந்தபோது பாலம் அறுந்தது. இருபது பிள்ளைகளுக்கு மேல் ஆற்றில் விழுந்தார்கள். மூன்று சிறுமிகள் திரும்பவில்லை. மூவருமே தமிழ்ப்பள்ளி மாணவிகள். பதினொன்று, பன்னிரண்டு வயது. தீபாவளி முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை.

பழைய பாலம் இல்லை, கவனியுங்கள். வெள்ளத்தில் அரித்துப்போன பாலமும் இல்லை. புதுப்பாலம்! "விதி" என்று ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அன்று நிறைய பேர். கம்பியையும் தூணையும் விதி நட்டு வைக்கவில்லை. யாரோ ஒருவர் கட்டினார், யாரோ ஒருவர் அனுமதித்தார், யாரோ ஒருவர் பிள்ளைகளை அதன் மேல் நடக்கச் சொன்னார்.

இப்போது ஒரு வக்கீலாக உங்களுக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். மனதைத் திடப்படுத்திக்கொண்டு படியுங்கள்.

1956ஆம் ஆண்டு குடிமைச் சட்டம், பிரிவு 7. ஒருவரின் அலட்சியத்தால் உங்கள் பிள்ளை இறந்துபோனால், உங்கள் துயரத்துக்கு என்று இந்தச் சட்டம் ஒரு தொகை வைத்திருக்கிறது. 2009இல் அந்தத் தொகை 10,000 வெள்ளி. அப்பா, அம்மா இருவருக்கும் சேர்த்து. ஈமச் செலவு தனி. அதற்கு மேல்? பிள்ளை வளர்ந்து சம்பாதித்துக் கொடுத்திருப்பாளே என்று கேட்க முடியாது. சாகும்போது அவள் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தாளா என்று சட்டம் கேட்கும். பதினொரு வயதுப் பிள்ளை எங்கே சம்பளம் வாங்கும்? 2019இல் சட்டத்தைத் திருத்தினார்கள். தொகை 30,000 ஆனது. ஒரு சின்னக் கார் வாங்கத்தான் போதுமான காசு.

நான் பணத்துக்காக இதைச் சொல்லவில்லை. எந்தப் பெற்றோரும் அந்தப் பணத்தைக் கேட்டு அழவில்லை. பிள்ளையின் உயிருக்குச் சட்டம் போடும் விலை குறைவாக இருந்தால், அந்த உயிரைக் காப்பாற்றச் செலவு செய்ய வேண்டிய அவசியமும் ஏற்பாட்டாளருக்குக் குறைந்துபோகிறது. அதுதான் என் கோபம்.

சரி, அப்படியானால் பிள்ளைகளை அனுப்ப வேண்டாமா?

இங்கேதான் நான் உங்களோடு சண்டை போட வேண்டியிருக்கிறது. கோலா டிப்பாங்குக்குப் பிறகு நம் வீடுகளில் ஒரு பழக்கம் வேரூன்றிவிட்டது. ஆறு என்றால் வேண்டாம், காடு என்றால் வேண்டாம், பெண்பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். "வீட்ல இருந்து படி." பயம் நியாயமானது. ஆனால் அந்தப் பயத்துக்கு விலை கொடுப்பது யார்? நம் பிள்ளைகள்தான்!

பல்கலைக்கழக நுழைவுக்குப் புள்ளி கணக்கிடும்போது 90 விழுக்காடு பாடத்துக்கு, 10 விழுக்காடு புறப்பாட நடவடிக்கைக்கு. சாரணர், போலீஸ் கேடட், செம்பிறைச் சங்கம், முகாம், போட்டி எல்லாம் அந்தப் பத்தில் வருகிறது. நல்ல மதிப்பெண் வாங்கியும் கேட்ட துறை கிடைக்காமல் ஒவ்வோர் ஆண்டும் நம் பிள்ளைகள் நிற்கும்போது "அநியாயம்" என்று கத்துகிறோம். கத்துவதில் தவறில்லை, நானும் கத்தியிருக்கிறேன். ஆனால் அந்தப் பத்தை நாமே வீட்டில் பூட்டி வைத்துவிட்டுக் கத்தினால் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் அதைத்தான் கேட்பார்.

காசும் ஒரு காரணம்தான், மறுக்கவில்லை. சீருடை, காலணி, முகாம் கட்டணம், பேருந்துக் காசு என்று அடுக்கினால் இரண்டு மூன்று பிள்ளைகள் உள்ள வீட்டில் அம்மா முதலில் வெட்டுவது அதைத்தான். வசதியான வீட்டுப் பிள்ளை தனியார் முகாமுக்குப் போகிறது. அங்கே பயிற்சி பெற்ற ஆள், நல்ல கயிறு, காப்புறுதி. நம் பிள்ளைக்குக் கிடைப்பது இரண்டில் ஒன்று: அவசரத்தில் கட்டிய பாலம், அல்லது வீட்டில் டிவி.

இந்தச் சாகசக் கல்வி எங்கிருந்து வந்தது தெரியுமா? பணக்காரர்களின் பொழுதுபோக்காக அது தொடங்கவில்லை. 1941, உலகப் போர்க்காலம். ஜெர்மானியக் கப்பல்கள் பிரிட்டிஷ் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தன. உயிர்காப்புப் படகில் ஏறியும் இளம் மாலுமிகள் செத்தார்கள், வயதானவர்கள் பிழைத்தார்கள் என்று ஒரு பேச்சு இருந்தது. உடம்பில் பலம் இருந்தாலும் தாக்குப்பிடிக்கும் பழக்கம் இளையவர்களுக்கு இல்லை. கர்ட் ஹான் என்ற கல்வியாளரும் லாரன்ஸ் ஹோல்ட் என்ற கப்பல் முதலாளியும் சேர்ந்து வேல்ஸ் நாட்டு அபர்டோவியில் ஒரு பள்ளி தொடங்கினார்கள். அதுதான் அவுட்வர்ட் பவுண்ட். ஹோல்ட் குடும்பத்தின் நீலப் புகைபோக்கிக் கப்பல்கள் நம் பினாங்குத் துறைமுகத்துக்கும் வந்து போனவை. 1950களில் அதே பள்ளி பேராக், லூமுட்டுக்கு வந்தது. இன்றும் அங்கே நடக்கிறது. கப்பல் கூலிகளின் பிள்ளைகள் சாகாமல் இருக்கத் தொடங்கிய கல்வி, கப்பலில் மூட்டை இறக்கிய நம் தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்கு வேண்டாமா?

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். ஆயர் ஈத்தாம் அடுக்குமாடியில் சன்னலைத் திறந்தால் கொடிமலை தெரிகிறது. 800 மீட்டருக்கு மேல் உயரம். 1923இல் மலை ரயில் வருவதற்கு முன்னால் வெள்ளைக்காரத் துரைகளை டோலியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். மலையுச்சியில் முருகன் கோயில் எப்படி வந்தது? இந்தியச் சிப்பாய்களும் டோலி தூக்கிகளும் கும்பிட்ட இடம் என்று பெரியவர்கள் சொல்வார்கள். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் ஐந்நூறு படிக்கு மேல் நம் பிள்ளைகள் வெறுங்காலில் ஏறுகிறார்கள். ஏறத் தெரியாத இனமா நாம்? 2021இல் யுனெஸ்கோ கொடிமலையை உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தெலுக் பஹாங்கில் 2003 முதல் தேசியப் பூங்கா இருக்கிறது. உலகம் முழுக்க ஆள்கள் விமானம் ஏறி வந்து பார்க்கிறார்கள். கீழே இருக்கும் அடுக்குமாடிப் பிள்ளை எத்தனை முறை மேலே போயிருக்கும்? உங்கள் பிள்ளையிடமே கேளுங்கள்.

ஆகவே என் வாதம் இதுதான்: அனுப்புங்கள். ஆனால் கேள்வி கேட்காமல் அனுப்பாதீர்கள்.

முதலில் அந்தக் கடைசி வரி. "அசம்பாவிதம் நேர்ந்தால் யாரும் பொறுப்பல்ல, வழக்கு தொடுக்க மாட்டேன்" என்று அந்தப் பாரத்தில் அச்சடித்திருந்தார்கள். பயந்துவிடாதீர்கள். நீதிமன்றத்துக்குப் போகும் உரிமையை முழுவதுமாக அடைக்கும் ஒப்பந்தம் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆவது பிரிவின்படி செல்லாது. 2019ஆம் ஆண்டு சட்ட அறிக்கைகளில் வந்த ஒரு வங்கி வழக்கில், எல்லாப் பொறுப்பையும் கைகழுவும் வாசகத்தைக் கூட்டரசு நீதிமன்றமே இந்தப் பிரிவைக் காட்டித் தள்ளிவிட்டது. பிள்ளையின் உரிமையை அப்பா அம்மா கையெழுத்து போட்டு விற்க முடியாது என்பதும் என் வாதம். அந்த வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் சுருக்கொப்பம் வைத்துக் கொடுங்கள். வாங்க மறுத்தால், மறுப்பை எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் கேட்டால் பல பேருக்குக் குரல் மாறும், இது என் அனுபவம்.

பிறகு, யார் பிள்ளைகளோடு போகிறார்கள்? எத்தனை பிள்ளைக்கு ஒரு பெரியவர்? பெண்பிள்ளைகளுக்குப் பெண் ஆசிரியர் உண்டா? ஆற்றில் இறங்குவார்களா, மிதவை உடுப்பு எல்லோருக்கும் இருக்கிறதா? மேலே மழை பெய்தால் வெயில் அடிக்கும் இடத்திலும் 'கெப்பாலா ஆயர்' வரும்; மழை கறுத்தால் நிறுத்துவது யார் முடிவு? பாலம், கயிறு, மேடை எதுவானாலும் அதைச் சோதித்தவர் யார், தாள் இருக்கிறதா? முகாம் இடத்துக்கு உரிமம் இருக்கிறதா? இதை மட்டும் சும்மா விடாதீர்கள். 2022 டிசம்பரில் பத்தாங் காலி நிலச்சரிவில் 31 பேர் மாண்டார்கள். அங்கே முகாம் நடத்த உரிமமே இல்லை என்று சம்பவம் நடந்த பிறகுதான் நமக்குச் சொன்னார்கள்.

"நீங்கள் யார் கேட்பதற்கு?" என்றால் 1994ஆம் ஆண்டு தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டத்தின் 17ஆவது பிரிவைச் சொல்லுங்கள். முதலாளி தன் வேலையாள்களை மட்டுமல்ல, தன் தொழிலால் பாதிக்கப்படக்கூடிய வெளியாள்களையும் ஆபத்தில் தள்ளக்கூடாது. உங்கள் பிள்ளை அந்த வெளியாள்.

ஏதாவது நடந்துவிட்டால், அப்படி நடக்கவே வேண்டாம், ஆனால் நடந்துவிட்டால், அரசாங்கத்தின் மீது வழக்கு போட 36 மாதம்தான். பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டம், 1948. விசாரணைக் குழு அறிக்கை வரட்டும், அமைச்சர் பதில் சொல்லட்டும், தேர்தல் முடியட்டும் என்று காத்திருந்து, நான்காம் ஆண்டில் கோப்போடு வந்தவர்களை நான் கண்ணீரோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அந்த அம்மாவுக்கு ஒரு பக்கக் கடிதம் மலாயில் எழுதிக் கொடுத்தேன். ஆறு கேள்விகள். அவர் பேரில்தான், என் பேர் அதில் இல்லை. வகுப்பில் வேறு நான்கு தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார். அந்த வீட்டுக்காரர்களும் கையெழுத்து போட்டார்கள். ஒரு மலாய்க்காரப் பெற்றோரும் கேட்டு வாங்கிக் கையெழுத்து போட்டாராம். மூன்று கேள்விக்குப் பதில் வந்திருக்கிறது: பெண் ஆசிரியர் போகிறார், மிதவை உடுப்பு உண்டு, காப்புறுதி உண்டு. இன்னும் மூன்றுக்குப் பதில் வரவில்லை. முகாமுக்கு மூன்று வாரம் இருக்கிறது. மகளுக்குக் காலணி வாங்கியாகிவிட்டது. பாரம் இன்னும் அந்த அம்மாவின் கைப்பையில்தான் இருக்கிறது.